நீதிபதியின் தாளில் என் தம்பி

என் சம்பந்திக்கு ஒரு நீதிபதி இருந்தார். இருந்தார் என்றால், எழுநூறு வருடங்களுக்கு முந்தி, இங்கிலாந்தில் இருந்தார். குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டவர். அவர் வழியில் தான் இருபத்து நான்காவது தலைமுறை என்று சம்பந்தி சொல்வார். சொல்லி வாய் மூடுமுன், "நான் பார்த்த அளவில்" என்று சேர்த்துக்கொள்வார். அந்த மனிதரிடம் எனக்கு முதலில் பிடித்தது இந்த ஒட்டுச் சொல்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவள் இல்லை. மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு அது முடிந்தது. மொன்றியலுக்கு வந்த பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். நான் படித்ததெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து படித்ததுதான். யார் எதை எந்தச் சொல்லில் சொன்னார்கள் என்பது எனக்கு மறப்பதில்லை. முகம் மறந்துபோகும், சொன்ன சொல் நிற்கும். அதனால் ஒருவர் தான் சொன்னதற்குத் தானே ஓர் எல்லை கட்டிக்கொண்டால், இவரோடு கதைக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிடும்.

என் மகள் அவருடைய மகனைக் கட்டினாள். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருக்கிறார். நில அளவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் கோட்டு மெட்ரோவில் ஆற்றுக்குக் கீழே போய் இறங்கினால், பஸ் நிற்கும் இடத்தில் காரோடு காத்து நிற்பார். "சம்பந்தி" என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தது நான்தான். மகளின் மாமனாரைக் கூப்பிட ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை என்று கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அவர் அதை "சம்பண்டி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

"இத்தனை வருடமாக நாங்கள் கல்யாணம் செய்கிறோம், உங்களுக்கு நான் யார் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை, பாருங்கள்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை எல்லாம் நான் என் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்.

எங்கள் பேத்தியின் முதலாவது பிறந்த நாளுக்கு ஒரு வம்சத் தாள் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. கதவளவு அகலமான தாள். இடது பக்கம் அவருடைய ஆட்கள், மேலே நீதிபதி வரைக்கும். வலது பக்கம் எங்கள் ஆட்கள். நடுவில் கீழே குழந்தை. அதற்காக என்னிடம் பெயர்கள் கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து ஒரு சங்கடமான முகத்தோடு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒன்று கேட்பேன், தப்பாக எடுக்க வேண்டாம். உங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் பிள்ளைகளைத் தத்தெடுத்திருக்கிறீர்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தாளைக் காட்டினார். என் குடும்பப் பெயர் என்று அவர் எழுதியிருந்தது என் அப்பாவின் பெயர். அப்பாவின் குடும்பப் பெயர் என்று இருந்தது அப்பப்பாவின் பெயர். ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒட்டே இல்லை. பாவம், அந்த மனிதர் இல்லாத ஒரு குடும்பப் பெயரைத் தேடி இரண்டு கிழமை அலைந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அப்பாவின் பெயர் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும், அடுத்த பிள்ளைக்கு அது போய் வேறு பெயர் வரும் என்று விளக்கினேன். பிறகு, எங்கள் பக்கத்தில் குடி என்று, வம்சம் மாதிரி, ஒன்று இருக்கிறது, அது பெயரில் தெரியாது, தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும் என்றும் சொன்னேன்.

அவர் யோசித்தார். "அப்படியானால் இந்தக் குழந்தை உங்கள் ஆள். என் நீதிபதி வெறும் விருந்தாளி."

"நீங்கள் பார்த்த அளவில்" என்றேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. அம்மாவின் பிள்ளைகளை எழுத வந்தபோதுதான் சிக்கல். அக்கா, நான், தம்பி என்று மூன்று கட்டம். அக்கா லாசாலில் இருக்கிறாள். நான் வில்லரேயில், இரண்டும் மொன்றியல்தான். தம்பி எங்கே என்று கேட்டார். காணாமல் போனவன் என்றேன். எப்போது என்றார். நான் கலியாணம் கட்டுவதற்கு முந்தி, அவனுக்கு இருபத்திரண்டு வயதில் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவர் சேர்ந்திருந்த வம்சாவளிச் சங்கத்தில் ஒரு விதி. இறந்தவர் என்றால் இறந்த தேதி வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் அவர் பெயரைத் தாளில் போட அவரே சம்மதம் எழுதித் தர வேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் கட்டத்துக்குள் "உயிருடன்" என்ற ஒரு சொல் மட்டும் வரும், பெயர் வராது. கம்ப்யூட்டரும் அப்படித்தான் அச்சடிக்கும். நான் சம்மதம் எழுதிக் கொடுத்தேன், அக்கா கொடுத்தாள், மகளும் மருமகனும் கொடுத்தார்கள். தம்பியிடம் யார் வாங்குவது?

மகளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, தாய்மாமன் என்று இருந்தவனும் அவன் ஒருவன்தான். அவள் பிறக்குமுன் போனவன். குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருக்க வேண்டிய முறைக்காரன் யார் என்று மருமகன் கேட்டபோது, அவள் தாளில் பெயர் வராத அந்தக் கட்டத்தைத்தான் காட்டினாள்.

"அம்மா, மாமான்ட பேர் வரோணும். ஒரு டேட்டைப் போடுங்கோவன். அவர் இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

தெரியும்தான். எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா கண் மூடும்வரை மரணச் சான்றிதழை வாங்கவில்லை. அரசாங்கத்து ஆட்கள் வந்து, கையெழுத்து வைத்தால் சான்றிதழ் தருவோம் என்றபோது, "ஆளத் தாங்க, மறுகா துண்டத் தாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு. அவள் சொன்னதைத்தான் அக்கா இன்றுவரை பிடித்துக்கொண்டு இருக்கிறாள். நான் ஒரு தேதியைப் போட்டால் தம்பியின் பெயர் கிடைக்கும், அக்கா என்னை விட்டுப் போய்விடுவாள். போடாவிட்டால் குழந்தையின் தாளில் அவன் பெயரில்லாதவன்.

றோட்டில் வைத்து ஆமி பிடித்துக்கொண்டு போனதாக ஊரில் பேச்சு, அதனால் அம்மா அவனுக்காக வழக்குப் போட்டவள். சட்டத்தரணி அதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஆட்கொணர்வு மனு. அந்தச் சொல்லை நான் முதல் முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். அம்மா அதை இரண்டு துண்டாக்கி, "ஆளக் கொண்டு வருவாங்களா ஐயா?" என்று கேட்டாள். சட்டத்தரணி, "ஓம் அம்மா, அதுக்குத்தான் இந்த மனு" என்றார். அவர் சட்டத்தைச் சொன்னார். அம்மா சொல்லைக் கேட்டாள்.

முதல் தவணைக்கு அம்மா ஒரு பையோடு வந்தாள். அதற்குள் தம்பியின் சாரம், வெள்ளைச் சேட்டு, சீப்பு, ஒரு பெட்டியில் புட்டும் மீன் குழம்பும். பிடித்துப் போன நாளிலிருந்து ஒரே உடுப்போடு இருப்பான், கோர்ட்டிலிருந்து அப்படியே வீட்டுக்குக் கூட்டி வர முடியுமா என்பது அவள் கவலை. நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பக்கம் எழும்பி, அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்று சொன்னது. தவணை போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குச் சிங்களமும் இங்கிலீசும் தெரியாது. "என்ன மகள், ஆளக் கூப்பிடப் போயிருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஓமை நான் திருப்பி எடுக்கப் பின்னேரம் ஆனது. மனிதர் இல்லாத கோர்ட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னேன்.

இதை நான் சம்பந்தியிடம் சொல்வேன் என்று நினைக்கவில்லை. தேதி போடுவதா இல்லையா என்று கதைக்கப் போன இடத்தில் வந்துவிட்டது. மனுவின் பெயரை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல், "ஆளைக் கொண்டுவா என்று கோர்ட்டு சொல்வது" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து ஜன்னலடிக்குப் போனார். வெளியே பனி உருகி, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அது எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்குப் போன சட்டம்" என்றார், தானே தபாலில் போட்டு அனுப்பியவர் மாதிரி. "என் நீதிபதியின் காலத்திலேயே அப்படி ஓலை உண்டு. இன்ன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று ஷெரிப்புக்கு, அந்தப் பகுதி அதிகாரிக்கு, போகும். ஷெரிப் அதன் முதுகில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவான். எத்தனையோ ஓலைகளில் ஒரே வரி."

"என்ன வரி?"

"ஆள் அகப்படவில்லை."

 எழுநூறு வருடம் கப்பலேறி வந்தும் அந்த வரி தேயவில்லை என்று நினைத்தேன்.

"உங்கள் நீதிபதி அப்போது என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"இன்னொரு ஓலை அனுப்புவார். இன்னொரு தவணை."

"நல்லவரா?"

"தெரியாது. ஆட்களைத் தூக்கில் போட்டிருக்கிறார். ஒரு விதவைக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் அந்தக் காலத்துக் கோர்ட்டுப் பதிவுச் சுருளில் இருக்கிறது."

அவர் தாளை விரித்து நீதிபதியின் கட்டத்தைக் காட்டினார். அங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். செத்துப்போன மற்ற எல்லோருக்கும் பிறப்பு, இறப்பு என்று இரண்டு வரி. நீதிபதிக்கு இரண்டும் இல்லை. ஒரே ஒரு வரி, ஒரு வருடம்.

"இது அவர் செத்த வருடமா?"

"இல்லை. கடைசியாக அவர் பெயர் வருகிற சுருளின் வருடம். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. தெரியாத தேதியை நான் எழுத மாட்டேன்."

"எழுநூறு வருடம் ஆகியும் எழுத மாட்டீர்களா?"

"அவர் செத்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார் சம்பந்தி. "ஆனால் எப்போது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை."

அப்படியென்றால் என் தம்பிக்கும் அதே மாதிரி எழுதலாமா என்று கேட்டேன். கடைசியாகக் காணப்பட்ட நாள் என்று. அவர் தலையைச் சொறிந்தார். கம்ப்யூட்டர் விடாது, அது நூறு வயது தாண்டினவர்களுக்குத்தான் விடும், மற்றவர்களை உயிருடன் என்றே வைத்துக்கொள்ளும் என்றார். பிறகு, "கையால் எழுதலாம். ஆனால் கடைசியாக யார் கண்டார்கள்?" என்றார்.

அக்கா கண்டாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று நானும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தோம். வந்தபோது தம்பி வீட்டில் இல்லை, அக்கா மட்டும் அடுப்படியில் இருந்தாள். எங்கே போனான், ஏன் போனான் என்று அம்மா அவளைக் கேட்ட கேள்விக்கு எண்ணிக்கை இல்லை. "போயிட்டான்" என்பதற்கு மேல் அக்கா ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இதைப் போனில் கேட்கக் கூடாது என்று சம்பந்தி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவரே காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு லாசாலுக்குப் போனார். பின் இருக்கையில் அச்சடித்த தாள் சுருளாகக் கிடந்தது.

அக்கா கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "என்னகா, வெள்ளக்காரரக் கூட்டிட்டு வாறாய், சொல்லவே இல்லியே. தேத்தண்ணி குடிப்பாரா? சீனி போடவா?" என்றாள். தங்கச்சியையும் 'கா' போட்டுப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் "வணக்கம், சம்பண்டி" என்றார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் சம்பந்தி இல்ல எண்டு சொல்லுகா. நீதான் சம்பந்தி. நான் சும்மா."

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தோம். ஒரு மூலையில் சீனிப் பேணி, மறு மூலையில் அக்காவின் மருந்துப் பெட்டி. அக்கா கண்ணாடியைப் போட்டு, பெயர்களை எழுத்துக் கூட்டி, விரலால் தேடிக்கொண்டு வந்தாள். அம்மாவைக் கண்டாள். தன்னைக் கண்டாள். என்னைக் கண்டாள். எங்களுக்குப் பக்கத்தில் பெயரில்லாத கட்டத்தில் விரல் நின்றது.

"இது அவன்ட இடமா?"

"ஓம் அக்கா."

"பேர் எங்க?"

நான் விதியைச் சொன்னேன். தேதி போட்டால் பெயர் வரும் என்றேன். முடிக்க விடவில்லை.

"என்ன தேதி? செத்த தேதியா? நீ கண்டயா? அவன்ட பொணத்த நீ கண்டயா?"

"இல்ல."

"காணாமலா எழுத வந்த? அம்மா சொன்னத மறந்திட்டியா? வெள்ளக்காரன்ட தாள் வடிவா இரிக்கோணும் எண்டு என்ட தம்பிய நான் சாக்கொல்லணுமா?"

சம்பந்திக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.  நானும் அவனுடைய அக்காதான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அக்கா திரும்பவும் தாளைப் பார்த்தாள். "இதுக்குள்ள என்னமோ எழுதியிருக்கு. இங்கிலீசில. என்ன அது?"

"உயிருடன் எண்டு போட்டிருக்கு."

"ஆர் போட்ட?"

"மெசின் போட்டது. செத்த தேதி இல்லாட்டி அப்படித்தான் வருமாம்."

அக்கா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. விரலுக்குக் கீழே எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், இங்கிலீசு படிக்கத் தெரிந்தவள் மாதிரி.

"அப்ப அத வெட்ட வேணாம் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். சம்பந்தி தலையாட்டினார். பிறகு, மெதுவாக, அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னார். நீதிபதியைப் பற்றி, அவருக்கும் இறந்த தேதி இல்லை, கடைசியாகக் கண்ட சுருள்தான் இருக்கிறது என்று விளக்கச் சொன்னார். நான் விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவு பெரிய ஆளுக்கும் அப்படியா?"

"ஓம்."

"தம்பியக் கடைசியாக் கண்டது ஆர் எண்டு கேக்கிறாரா?"

"ஓம் அக்கா. இஷ்டமெண்டாச் சொல்லு. இல்லாட்டி விடு."

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ பிரெஞ்சில் ஒரு பிள்ளையைத் திட்டிக்கொண்டு காரில் ஏற்றினார்கள்.

"நான்தான் அனுப்பின" என்றாள் அக்கா.

"எங்க அக்கா?" என்றேன்.

"மண்ணெண்ணெய் முடிஞ்சிட்டு. நீங்க கோயிலால வந்தாச் சோறு இரிக்காது. றோட்டுச் சரியில்ல, ஆமி நிக்கிது, பேந்து போறன் எண்டு படுத்துக் கிடந்தான். நான்தான் ஏசினன். சோம்பேறி எண்டு ஏசினன். அவன் எழும்பிப் போத்தலத் தூக்கிச் சைக்கிள்ள கொழுவிட்டு, 'வந்து உனக்கு இரிக்கி' எண்டு பகிடியா வெருட்டிச் சிரிச்சிட்டுப் போனான். வாசல் படலையால வெளிய போறத நான் கண்டன். மறுகா காணல்ல."

"அம்மாக்கு…"

"அம்மா சாகுமட்டும் கேட்டிச்சு. நான் என்னண்டுகா சொல்ற? அவன் செத்தா, நான் அனுப்பித்தான் செத்தான். சாகாட்டி, நான் கடைக்கு அனுப்பின, அவ்வளவுதான்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக அவள் அம்மாவின் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் நினைத்தது தப்பு. அந்தச் சொல் இல்லாவிட்டால் அவளுக்கு நிற்க இடமில்லை. கோர்ட்டுக்குள் அம்மாவிடம் நான் சொன்ன அந்த ஓமைப் போல ஒரு பாரம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் தடுமாறியதை அக்கா கண்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லு. ஒண்டையும் ஒளிக்காத."

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நின்று நின்று. அவர் கேட்டு முடித்தார்.  சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து, அக்காவின் பக்கம் நீட்டினார்.

"பெயரை உங்கள் அக்காவே எழுதட்டும்" என்றார்.

அக்கா "உயிருடன்" என்ற சொல்லுக்குக் கீழே தம்பியின் பெயரைத் தமிழில் எழுதினாள். முன்னால் அப்பாவின் பெயரின் முதல் எழுத்தையும் போட்டாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் தமிழாக்கினேன், அக்கா பதில் சொன்னாள். தேதி சொன்னாள். கிழமை சொன்னாள். காலையில் வெயில் படலைக்கு வந்திருந்த நேரம் என்றாள். இடம், வீட்டுப் படலை. கண்டவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். அவர் சின்ன எழுத்தில், கோணாமல், நிலம் அளந்த கையால் எழுதிக்கொண்டு வந்தார்.

"போன காரணத்தை எழுதவா, விடவா?" என்று கேட்டார். "விட்டாலும் குறையில்லை. நீதிபதி ஏன் காணாமல் போனார் என்று எனக்கும் தெரியாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"எழுதச் சொல்லு. மண்ணெண்ணெய் வாங்க எண்டு எழுதச் சொல்லு. அக்கா அனுப்பி எண்டும் போடச் சொல்லு."

மண்ணெண்ணெய்க்கு அவர்களுடைய சொல் என்ன என்று எனக்கு அந்த நேரம் வரவில்லை. விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றுகிற எண்ணெய் என்று சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டு எழுதினார். அந்தக் கட்டத்துக்குள் இடம் போதாமல் கடைசிச் சொற்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தன. மை காயுமட்டும் அவர் தாளைச் சுருட்டவில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றி இருந்தோம்.